வெயிட் மெஷின்ல ஏற மாட்டேன்னு சொன்ன வண்டிப்பெரியார் அக்கா: ஒரு நிகழ்வு ஆய்வு

குமுளி பார்டர்கிட்ட ஒரு சின்ன கிளினிக்ல டயட் ஆலோசனை குடுக்குற வேலை எனக்கு. மலைக்குக் கீழ கம்பம், கூடலூர், லோயர் கேம்ப்ல இருந்து ஏறி வர்றவங்களும் உண்டு, இந்தப் பக்கம் வண்டிப்பெரியார், அணக்கரை, சக்குப்பள்ளம் எஸ்டேட் பகுதில இருந்து வர்ற தமிழ்க் குடும்பங்களும் உண்டு. எடை குறைக்கணும்னு வர்றவங்கள்ல நிறைய பேருக்கு சோத்தைக் குறைக்கறதை விட, நடக்கறதை விட, அந்த மெஷின் மேல கால் வைக்கறது தான் பெரிய கஷ்டமா இருக்கு. அப்படி வந்த ஒரு அக்காவோட கேஸை முழுசா எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சேன். அவங்ககிட்ட கேட்டு, சரின்னு சொன்ன பிறகு தான் எழுதுறேன், ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியும் இருக்கேன்.

யாரு, எதுக்கு வந்தாங்க

வயசு 44. பொறந்தது எஸ்டேட் லயத்துல (தொழிலாளிங்க குடியிருக்கற வரிசை வீடு), தாத்தா காலத்துலயே திருநெல்வேலிப் பக்கம் இருந்து வந்த குடும்பம். கல்யாணத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் வருஷக்கணக்கா தேயிலைக் கொழுந்து எடுத்தவங்க, முட்டி வலி வந்ததும் அதை விட்டுட்டு குமுளில ஒரு ஏலக்காய், மிளகு விக்கிற கடைல பேக்கிங் வேலைக்கு வந்துட்டாங்க. காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் ஸ்டூல்ல உக்காந்த வேலை. மலைச்சரிவுல நாள் முழுக்க ஏறி இறங்குன உடம்பு திடீர்னு உக்காந்துருச்சு, சாப்பாடு மட்டும் அதே அளவுல தொடர்ந்துச்சு. எடை ஏறுனதுக்கு இதுக்கு மேல பெருசா காரணம் தேட வேண்டியதே இல்ல. தைராய்டு டெஸ்ட் நார்மல், எடை ஏத்துற மாத்திரை எதுவும் எடுக்கல.

முட்டி வலிக்காக டாக்டரைப் பாத்தாங்க, ரத்த டெஸ்ட்ல சாப்பிடறதுக்கு முன்னாடி சுகர் 112, மூணு மாச சராசரி காட்டுற ஹெச்பிஏ1சி 6.1. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் இருந்தா சுகருக்கு முந்தின நிலைன்னு சொல்லுவோம், அதுல நடுவுல நிக்கறாங்க. டாக்டர் என்கிட்ட அனுப்பி வச்சாரு.

முதல் நாள் நான் வழக்கம் போல "அக்கா, செருப்பைக் கழட்டிட்டு மெஷின்ல ஏறுங்க"ன்னேன். செருப்பைக் கழட்டுனவங்க மெஷினைப் பாத்துட்டு திரும்பவும் செருப்பை மாட்டிக்கிட்டாங்க. "மேடம், அது மட்டும் வேணாம். வேற என்ன சொன்னாலும் செய்றேன்". முகமெல்லாம் வேர்த்துருச்சு. உக்கார வச்சு பிரஷர் பாத்தா 146/92, கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசி, ஒரு கட்டன் சாயா (பால் இல்லாத டீ) வரவழைச்சுக் குடுத்து, அரை மணி நேரம் கழிச்சு திரும்பப் பாத்தா 134/84. கிளினிக்ல பிரஷர் ஏறிக் காட்டுறது பலருக்கும் நடக்கறது தான், ஆனா இவங்களுக்கு ஏத்திவிட்டது எதுன்னு கண்ணுக்கு முன்னாடியே தெரிஞ்சுச்சு.

பயம் எங்க இருந்து வந்துச்சு

அன்னைக்கு நான் சாப்பாட்டைப் பத்தி ஒண்ணுமே பேசல. பயத்தைப் பத்தி தான் கேட்டேன். மெதுவா சொன்னாங்க. சில வருஷம் முன்னாடி ஒரு மெடிக்கல் கேம்ப், நீளமான வரிசை, மெஷின் பக்கத்துல ஒரு ஆள் எடையைப் பாத்து சத்தமா சொல்ல, கொஞ்சம் தள்ளி மேஜைல இருக்கறவங்க நோட்டுல எழுதணும். இவங்க முறை வந்தப்ப நம்பரைக் கத்திச் சொல்லிட்டாங்க, வரிசைல நின்ன யாரோ "தடிச்சி"ன்னு சொல்லிச் சிரிக்க, அந்தச் சிரிப்பு லயம் வரைக்கும் வந்துச்சு. நிறைய நாளைக்கு அந்த நம்பரையே பேரா வச்சுக் கூப்பிட்டாங்களாம். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போறதையே கொறைச்சுட்டாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல சுகரும் பாக்கல, பிரஷரும் பாக்கல. ஒரு தடவை போயே ஆகணும்னு வந்தப்ப, முந்தின நாள்ல இருந்து சோறும் தண்ணியும் இல்லாம போய் அங்க மயக்கம் போட்டிருக்காங்க.

இதைக் கேட்டப்ப எனக்கு நெஞ்சு கனமாயிருச்சு. ஏன்னா இது ஒரு ஆளோட கதை இல்ல. எடையைச் சொல்லி அசிங்கப்படுத்துனா ஜனங்க இளைக்கறது இல்ல, ஆஸ்பத்திரி பக்கமே வராம போறாங்க, வந்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்க வேண்டிய சுகரும் பிரஷரும் தெரியாமலே வளருது.

இன்னொரு விஷயமும் இருந்துச்சு, அதை நான் எதிர்பாக்கல. கொழுந்து எடுத்த காலம் முழுக்க தராசு தான் இவங்க கூலியை முடிவு பண்ணுச்சு. சாயந்தரம் சாக்கைத் தூக்கிட்டு எடை போடுற இடத்துல நின்னா, கணக்கப்பிள்ளை எடையைச் சொல்லுவாரு, கம்மியா இருந்தா எல்லார் முன்னாடியும் பேச்சு வாங்கணும். அதனால தராசுன்னா அவங்களுக்கு வெறும் அளவு இல்ல, நீ இன்னைக்கு ஒழுங்கா உழைச்சியா இல்லையான்னு இன்னொருத்தர் சொல்ற தீர்ப்பு. அதே தீர்ப்பை இப்ப உடம்புக்கும் சொல்லப் போறாங்கன்னு மனசு நினைச்சுக்கிச்சு. அவங்க பயந்தது கிலோவுக்கு இல்ல, அதைப் படிச்சுச் சொல்ற ஆளுக்கு.

இந்த மாதிரி பயம் இருந்தா சில கேள்விகளைக் கண்டிப்பா கேட்டே ஆகணும், கூச்சப்படக்கூடாது. சாப்பிட்டதை வாந்தி எடுக்கறீங்களா, பேதி மாத்திரை போடறீங்களா, கட்டுப்பாடே இல்லாம நிறைய சாப்பிட்டுட்டு அப்புறம் பட்டினி கிடக்கறீங்களா, நாள் பூரா உடம்பைப் பத்தியே நினைப்பு ஓடுதா, வாழவே பிடிக்கலன்னு தோணுதா. இதுல எதுக்காவது ஆமான்னா மெஷினை எடுத்து ஓரமா வச்சுட்டு மனநல டாக்டர்கிட்ட அனுப்பறது தான் முதல் வேலை. சாப்பாட்டு நோய் இருக்கறவங்களுக்கு தினமும் எடை பாக்கறது நெருப்புல எண்ணெய் தான். இந்த அக்காவுக்கு அந்த ஒரு தடவை பட்டினி கிடந்ததைத் தவிர வேற எதுவும் இல்ல, தூக்கம் சரி, வேலை சரி, வீட்டுல சிரிச்சுப் பேசறாங்க. அதனால இங்கேயே பாக்கலாம்னு டாக்டரும் நானும் முடிவு பண்ணோம்.

எடை பாக்காமலே ஆரம்பிச்சோம்

எடை தெரியாம எப்படி ட்ரீட்மென்ட்னு என்கூட வேலை பாக்குற சிஸ்டர் கேட்டாங்க. நியாயமான கேள்வி. எடை கட்டாயம் தெரிஞ்சே ஆகணும்னு சில இடம் இருக்கு: குழந்தைக்கு மருந்து அளவு, கீமோதெரபி, டயாலிசிஸ், கர்ப்பம், அப்புறம் இருதயம் பலவீனமானவங்க. இருதயம் பலவீனமா இருக்கறவங்களுக்கு மூணு நாளைக்குள்ள ரெண்டு கிலோவுக்கு மேல ஏறுனா உடம்புல நீர் கோக்குதுன்னு அர்த்தம், உடனே டாக்டரைப் பாக்கணும், அங்க மெஷின் உயிரைக் காப்பாத்துற சாமான். ஆனா முட்டி வலியும் 6.1ம் இருக்கற ஒருத்தருக்கு முதல் மாசம் நான் சொல்லப் போற எந்த ஆலோசனையும் 76ஆ 80ஆன்னு தெரிஞ்சா மாறப் போறது இல்ல.

அதனால டேப்பை எடுத்தேன். இடுப்புச் சுத்தளவு 98 செ.மீ. நம்ம ஊர் பெண்களுக்கு 80க்கு மேல போனாலே கவனிக்கணும்னு சொல்லுவாங்க, ஏன்னா நம்ம உடம்புல கொழுப்பு வயித்தைச் சுத்தி தான் முதல்ல சேரும், சுகருக்கும் அதுக்கும் நேரடி தொடர்பு உண்டு. டேப்புக்கு அவங்க பயப்படல, ஜாக்கெட் தைக்கக் குடுக்கறது தானன்னு சொன்னாங்க.

சாப்பாட்டு விஷயம் சுருக்கமாச் சொல்றேன், அதுல புதுசா ஒண்ணும் இல்ல. கடைல ஒரு நாளைக்கு அஞ்சு பால் டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, சாயந்தரம் பழம்பொரி. மூணு டீயை சர்க்கரை இல்லாத கட்டன் ஆக்கினோம். மத்தியானம் மட்டை அரிசிச் சோறு மலையா இருந்ததை பாதியாக்கி, மீதி இடத்துல பயறும் தோரனும் (தேங்காய் போட்ட பொரியல்). மத்தி மீன் குழம்பு தாராளமா, கப்பை (மரவள்ளிக்கிழங்கு) வச்சா அன்னைக்கு சோறு கிடையாது. நடை, காலைல கடைக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடி இறங்கி நடக்கறது, முட்டிக்காக இறக்கத்துல இல்லாம சமமான ரோட்டுல. தொடைச் சதை பலமாக நாற்காலில இருந்து கை ஊனாம எழுந்து உக்கார்ற பயிற்சி. அவ்வளவு தான்.

படிப்படியா மெஷின் பக்கம்

ஆனா மெஷினை ஒரேயடியா மறந்துருங்கன்னு விட்டுடவும் எனக்கு மனசு இல்ல. பயத்துக்கு ஒரு குணம் இருக்கு, ஒவ்வொரு தடவை தப்பிக்கிறப்பவும் ஒரு நிம்மதி கிடைக்கும், அந்த நிம்மதியே அடுத்த தடவை பயத்தைப் பெருசாக்கும். அவங்களுக்கு இன்னும் முப்பது நாப்பது வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது இருக்கு, ஒவ்வொரு வாசல்லயும் மெஷின் நிக்கும். மனநல சிகிச்சைல பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமா, தாங்குற அளவுல சந்திக்க வைக்கற முறை ஒண்ணு உண்டு, அதைத் தான் எங்க அளவுக்குப் பண்ணோம்.

முதல்ல மெஷினை நடு ஹால்ல இருந்து எடுத்து திரைக்குப் பின்னாடி வச்சோம். ரெண்டாவது தடவை வந்தப்ப சொன்னேன், "அக்கா, நம்பர் இருக்கற பக்கம் முதுகைக் காட்டி நில்லுங்க, நான் பாத்து எழுதிக்கிறேன், நீங்க கேக்கற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்". இப்படி நின்னுக்கலாம்னு யாரும் அவங்களுக்குச் சொன்னதே இல்ல. இது பெரிய ஆஸ்பத்திரில கூட கேட்டு வாங்கிக்கலாம், கேக்கறதுல எந்தத் தப்பும் இல்ல. ரொம்ப யோசிச்சு, என் முகத்தைப் பாத்துக்கிட்டே ஏறுனாங்க. நான் முகத்தைச் சாதாரணமா வச்சுக்கிட்டேன், ஏன்னா இந்த மாதிரி ஆளுங்க நம்பரை நம்ம புருவத்துல இருந்தே படிச்சுருவாங்க. அன்னைக்கு 78.4. உயரம் 152 செ.மீ, கணக்குப் போட்டா பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடையான்னு காட்டுற கணக்கு) 33.9, நம்ம ஊர் அளவுல 23 தாண்டுனா கூடுதல் எடை, 25 தாண்டுனா உடல் பருமன். எழுதி மூடி வச்சேன்.

அடுத்தடுத்த தடவைல 77.2, 76.8, 77.5, 75.9. எல்லாத்தையும் கிராஃப் பேப்பர்ல புள்ளியா வச்சேன், நம்பர் எழுதல. ரெண்டு மாசம் முடியறப்ப முதல்ல அந்தப் பேப்பரைத் தான் காட்டுனேன், கோடு கீழ இறங்குது, நடுவுல ஒரு இடத்துல மேல தூக்கிட்டு திரும்ப இறங்குது. அவங்க விரல் நேரா அந்தத் தூக்குன இடத்துல போய் நின்னுச்சு. "இங்க என்ன தப்பு பண்ணேன் மேடம்?"

தப்பே இல்ல, அது மாதவிலக்குக்கு முந்தின வாரம். அப்ப தான் எடைக்குள்ள என்னென்ன இருக்குன்னு உக்காந்து பேசினோம். மெஷின் கொழுப்பை மட்டும் நிறுக்கறது இல்ல, எலும்பு, சதை, ரத்தம், குடல்ல இருக்கற சாப்பாடு, நீர், எல்லாத்தையும் சேத்து நிறுக்குது. மாதவிலக்குக்கு முன்னாடி நீர் கோக்கும். ராத்திரி கருவாடும் ஊறுகாயும் தின்னா உப்பு தண்ணியைப் பிடிச்சு வைக்கும். மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜன்னு கல்லீரல்லயும் சதைலயும் சேத்து வைக்கும், அது சுமார் அரை கிலோ வரைக்கும் இருக்கும், ஒவ்வொரு கிராமோடவும் ஏறக்குறைய மூணு கிராம் தண்ணி ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒரு நாளைக்கும் இன்னொரு நாளைக்கும் ஒரு கிலோ, ஏன் ரெண்டு கிலோ கூட ஏறி இறங்கறது எல்லா மனுஷ உடம்புலயும் நடக்கறது தான்.

கேட்டுட்டு அந்த அக்கா ஒரு நிமிஷம் சும்மா இருந்துட்டு சொன்னாங்க, "அப்போ இது மழை நாள் கொழுந்து மாதிரி தான? நனைஞ்ச கொழுந்து எடை கூடத் தான் காட்டும், கணக்கப்பிள்ளை தண்ணிக்குன்னு கழிச்சுட்டுத் தான் எழுதுவாரு". நான் எத்தனையோ பேருக்கு இந்த நீர்க் கணக்கைச் சொல்லியிருக்கேன், இவ்வளவு தெளிவா யாரும் பிடிச்சது இல்ல. உடனே ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலைக் கையில குடுத்து, முதல் தடவையா நம்பர் பக்கம் திரும்பி நிக்கச் சொன்னேன். கையில பாட்டிலோட ஒரு எடை, அப்புறம் குடிச்சு முடிச்சுட்டு காலி பாட்டிலோட நின்னா அதே எடை. "இப்ப ஒரு கிலோ குண்டாயிட்டீங்களா?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டாங்க. அந்த மெஷின் மேல நின்னு அவங்க சிரிச்சது அது தான் முதல் தடவை.

கம்பத்துக் கல்யாணம்

மூணாவது மாசம் வீட்டுக்கு ஒரு டிஜிட்டல் மெஷின் வாங்குனாங்க. வச்ச இடம் முக்கியம், மேடு பள்ளமான தரைலயோ பாய் மேலயோ வச்சா எடை மாறி மாறிக் காட்டும், கட்டியான சமதரை வேணும். சமையக்கட்டு ஓரத்துல ஒரு இடம் பாத்து அதையே நிரந்தரமாக்கினாங்க. ஞாயிறும் புதனும், காலைல எழுந்து டாய்லெட் போயிட்டு, கட்டன் குடிக்கறதுக்கு முன்னாடி. வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் ஒரு கண்டிஷன்: எடை என்னன்னு யாரும் கேக்கக்கூடாது, நல்லா கொறைஞ்சிருக்கேன்னும் சொல்லக்கூடாது. பாராட்டும் ஒரு தீர்ப்பு தான், இன்னைக்குப் பாராட்டுனவங்க அடுத்த வாரம் என்ன சொல்லுவாங்கன்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சுரும்.

நல்லா போயிட்டு இருந்தப்ப கம்பத்துல சொந்தத்துல கல்யாணம். மூணு நாள், பிரியாணி, இனிப்பு, ராத்திரி முழுக்க உக்காந்து பேச்சு. திரும்பி வந்த மறுநாளே மெஷின்ல ஏறியிருக்காங்க, 75.3ல இருந்து 77.1. மெஷினைத் திருப்பி கட்டிலுக்கு அடில தள்ளிட்டாங்க. அதோட என் கிளினிக்குக்கு வர்றதும் நின்னு போச்சு, போன் அடிச்சா எடுக்கல.

மூணு வாரம் கழிச்சு கடைப் பக்கம் போனப்ப பாத்தேன், எடை பத்தி ஒரு வார்த்தை கேக்கல, முட்டி எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டேன். அவங்களாவே சொல்லிட்டாங்க. கடை வாசல்லயே கணக்குப் போட்டோம். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி. 1.8 கிலோவும் கொழுப்பா ஏறணும்னா மூணு நாள்ல தேவைக்கு மேல கிட்டத்தட்ட 14,000 கலோரி தின்னிருக்கணும், எந்தப் பிரியாணிலயும் அது நடக்காது. ஏறுனது பெரும்பாலும் உப்பும் தண்ணியும் குடல்ல நின்ன சாப்பாடும். "நாலாவது நாள் பாத்திருந்தா இறங்கியிருக்கும் அக்கா"ன்னேன். மறுநாள் காலைல அவங்களே ஏறிப் பாத்துட்டு போன் பண்ணாங்க, 75.2. அந்த மூணு வாரமும் கட்டனையும் நடையையும் விடல, நம்பரை மட்டும் தான் விட்டிருக்காங்க. எனக்கு அதுல தான் அதிக சந்தோஷம்.

அதுக்கப்புறம் ஒரு வழக்கம் வச்சோம். விசேஷம் முடிஞ்சு நாலு நாளைக்கு எடை பாக்கறது இல்ல. ஒரு நம்பரைப் பாத்து எதையும் முடிவு பண்றது இல்ல, நாலு வாரத்து நம்பரை வரிசையா வச்சுத் தான் பேசறது.

என்ன ஆச்சு

ஏழு மாச முடிவுல 72.9, ஆரம்பத்துல இருந்து 5.5 கிலோ, அதாவது 7 சதவீதம். இடுப்பு 98ல இருந்து 91. ஹெச்பிஏ1சி 5.8, இன்னும் எல்லைக்கு மேல தான், ஆனா இறங்குது. பிரஷர் 126/80. முட்டி வலி படியேறும்போது மட்டும்.

7 சதவீதம்கறது கண்ணுக்கு பெருசாத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரங்க கவனிச்சிருக்கக் கூட மாட்டாங்க. ஆனா அமெரிக்கால டயபெட்டிஸ் பிரிவென்ஷன் புரோகிராம்னு 2002ல வெளியான பெரிய ஆய்வுல வச்ச இலக்கே 7 சதவீதம் தான், அந்த வாழ்க்கைமுறைக் குழுல சுகர் வர்றது 58 சதவீதம் குறைஞ்சுச்சு. அதை விட எனக்குப் பிடிச்சது நம்ம சென்னை ஆய்வு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வச்சு நடத்தி 2006ல வெளியிட்டாங்க, சாப்பாடும் நடையும் மாத்துன குழுல சுகர் வர்ற வாய்ப்பு 28.5 சதவீதம் குறைஞ்சுச்சு, எடை பெருசா குறையாமலேயே. மெஷின்ல ஒண்ணும் தெரியலன்னு சோர்ந்து போறவங்ககிட்ட நான் இதைச் சொல்லாம விடறதே இல்ல.

அப்போ மெஷினே வேண்டாமான்னா, அப்படியும் இல்ல. எடை குறைச்சு அதை வருஷக்கணக்கா தக்க வச்சவங்க விவரத்தை அமெரிக்கால 1994ல இருந்து ஒரு பதிவேட்டுல சேக்கறாங்க, அதுல ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒரு தடவையாவது எடை பாக்கறவங்க. எடை பாத்ததால தக்க வச்சாங்களா, தக்க வைக்கற குணம் உள்ளவங்க எடை பாக்கறாங்களான்னு அந்தப் பதிவேட்டை வச்சு மட்டும் சொல்ல முடியாது. என் அபிப்பிராயம், பயம் இல்லாம பாக்க முடிஞ்சா வாரம் ஒண்ணு ரெண்டு தடவை நல்லது, பாத்த அன்னைக்கு முழுக்க சாப்பாடு இறங்கலன்னா நல்லது இல்ல.

இது ஒரே ஒரு ஆளோட கேஸ். வீட்டுக்காரர் ஒத்துழைச்சாரு, கடை முதலாளி டீயை மாத்திக் குடுத்தாரு, மன அழுத்த நோய் எதுவும் இல்ல, இதெல்லாம் எல்லாருக்கும் அமையாது. பயம் இதை விட ஆழமா இருந்தா, மெஷினைப் பாத்தாலே மூச்சு முட்டுது, பழைய அவமானம் தூக்கத்துல வருதுன்னா, வீட்டுல வச்சுப் பழக்கப் பாக்காதீங்க. அரசாங்கத்தோட டெலி மானஸ் 14416 நம்பர்ல இலவசமா பேசலாம், தமிழ்லயும் பேசலாம்.

இப்பவும் வேற ஆஸ்பத்திரிக்குப் போனா அக்காவுக்கு கை வேர்க்குது. ஆனா போறாங்க. போன மாசம் முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்கப் போன இடத்துல எடை பாக்கச் சொன்னப்ப, "சத்தமாச் சொல்லாதீங்க சிஸ்டர், எழுதி மட்டும் குடுங்க"ன்னு கேட்டிருக்காங்க, அந்த சிஸ்டரும் அப்படியே பண்ணியிருக்காங்க. எங்க கிளினிக்ல மெஷின் இப்ப நிரந்தரமா திரைக்குப் பின்னாடி தான், ஏத்தறதுக்கு முன்னாடி "நம்பர் பாக்கணுமா, வேணாமா"ன்னு எல்லார்கிட்டயும் கேக்கறோம். அடுத்த ஹெச்பிஏ1சி மூணு மாசத்துல, அது வரைக்கும் எடைக்கு இலக்கு எதுவும் வைக்கல. இடுப்பை 88க்குக் கொண்டு வரணும்னு அக்காவே சொல்லியிருக்காங்க, அதுக்கு நடையை இன்னும் ஒரு ஸ்டாப் கூட்டியிருக்காங்க.